மில் வாசலில் நான் அழவில்லை

மார்ச் 6

அன்பான மருமகளுக்கு அத்தை எழுதுறது.

மில்லுக்காரங்க மிரட்டலுக்காக உன்னை அவசரமா அனுப்பி வச்சோம், நீ நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டேன்னு உன் அக்கா போன்ல சொன்னாளாம். உன் புருஷன் எங்கிட்டயும் போனைக் குடுத்தான். காதுல வச்சேன். வழக்கம்போல உள்ளே அடைமழை. "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். எதுக்குச் சரி சொன்னேன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தறிக்குப் பக்கத்துல நின்ன காதுக்குப் போனெல்லாம் ஒத்து வராது. அதனால நமக்குள்ள இனிமே கடிதாசிதான்.

விஷயத்துக்கு வர்றேன். நேத்து உன் புத்தகத்தை எரிச்சாங்க.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, தியேட்டர் சுவரை ஒட்டி. நான் மருந்துக் கடைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தேன். எல்லாம் மில் ஆளுங்க. டைம்கீப்பர்தான் முன்னாடி நின்னான். கேட்டுல உட்கார்ந்துகிட்டு நாங்க ஒரு நிமிஷம் பிந்தி வந்தாலும் அரை நாள் வெட்டினானே, அவனேதான். கையில தீப்பெட்டி. காத்து வேற அடிச்சுது, குச்சி குச்சியா அணைஞ்சுது. ஒண்ணு தெரிஞ்சுக்கோ, புத்தகம் லேசுல எரியாது. கட்டோட வச்சா ஓரம் மட்டும் கருகும், உள்ளே பச்சைப்பிள்ளை மாதிரி வெள்ளையா இருக்கும். கடைசியில ஒருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமா விரிச்சு விரிச்சுப் போட வேண்டியதாப் போச்சு. விரிச்சது விரிச்சான், ஒரு பக்கம் படிச்சிருக்கக் கூடாதா பாவி!

டைம்கீப்பர் என்னைப் பார்த்துட்டு ஓடி வந்தான். "அக்கா, உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் இதைச் செய்யுறோம். உங்க மருமக உங்களைத்தான் அதுல கேவலமா எழுதியிருக்கா"ன்னு காதுக்கிட்ட வந்து கத்தினான். "என் மானத்தைத் தீ வச்சா காப்பாத்துவாங்க?"ன்னு கேட்டேன். அவன் திரும்பிப் போய் இன்னொரு குச்சியைக் கிழிச்சான். எனக்கு அதுக்கு மேல அங்க நிக்கப் பிடிக்கலை. வீட்டுக்கு வந்துட்டேன்.

ஆனா மருமகளே, எனக்கும் உன் மேல கோபம்தான். மறைக்க மாட்டேன். அடுப்படியில வெங்காயம் நறுக்கிக்கிட்டே நான் பேசினதெல்லாம் ஒருநாள் அச்சுல வரும்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா? நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டப்ப, அடடா, எவ்வளவு மரியாதையான பொண்ணுன்னு நினைச்சேனே.

முன் ஜன்னல்ல ஒரு கல் விழுந்துச்சு. சின்னக் கல்தான். உன் புருஷன் அட்டை வச்சு அடைச்சிருக்கான். பஸ்ஸை ஒழுங்கா ஓட்டுறவனுக்கு ஒரு அட்டையை ஒழுங்கா வெட்டத் தெரியலை. நீ இல்லாம வீடு வீடா இல்லைன்னு அவன் சொல்ல மாட்டான். சொல்லாம சுத்தி சுத்தி வர்றான்.

உன் அத்தை


மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதால் அப்படித்தான் கேட்பார்கள். போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் மேல் கோபமா அத்தை?" நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாலு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கல் விழுந்ததை உங்கள் பிள்ளை என்னிடம் சொல்லவே இல்லை. "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே பாட்டு. தாயும் பிள்ளையும் என்னிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது.

அத்தை, நீங்கள் சொன்னது நியாயம். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் பேசுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். அது மட்டும்தான் காரணம், வேறு சமாதானம் என்னிடம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் ஏன் எப்போதும் கத்திப் பேசுகிறீர்கள், என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து நான் பயந்ததுண்டு. அப்புறம் ஒருநாள் அடுப்படியில் நீங்களே சொன்னீர்கள். தறிச் சத்தத்தில் காது போனதையும், காது போனதென்று சொல்லி உங்கள் எல்லாரையும் மில்லை விட்டு நிறுத்தியதையும். அன்றிலிருந்து அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதினால்தான் நிற்கும் போலிருந்தது.

புத்தகம் வந்த அன்று உங்களுக்குத்தான் முதல் பிரதி கொடுத்தேன். "நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்" என்றீர்கள். அது அலமாரியில் தலையணை உறைகளுக்கு அடியில் இருக்கிறது. எனக்குத் தெரியும். பார்த்தும் கேட்கத் தைரியம் வரவில்லை. தயவுசெய்து இப்போது எடுத்துப் படியுங்கள். டைம்கீப்பர் வாயால் நீங்கள் என் புத்தகத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது. படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பதிப்பாளர் ஆசாமி வித்தியாசமானவர். "எரிக்க வாங்கினாலும் விற்பனை விற்பனைதானே" என்று சிரித்தார். ஆனால் அடுத்த நிமிஷமே முகம் மாறிவிட்டது. மில் நிர்வாகம் புகார் கொடுத்திருக்கிறதாம். புத்தகம் இப்போது அரசாங்கத்தின் நூல் ஆய்வுக் குழுவின் மேஜையில் இருக்கிறது. அவர்கள் தடை செய்தால் அதை விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது.

நீங்களும் இங்கே வந்துவிடுங்களேன். அக்கா வீட்டில் இடம் இருக்கிறது. அக்கா புருஷன் குளிக்கும்போது பாடுவார். அது உங்களுக்குத் தொந்தரவே இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 17

மருமகளுக்கு,

நான் எதுக்கு அங்க வரணும்? இது என் வீடு. கல் விட்டவன் வேணும்னா ஊரை விட்டுப் போகட்டும்.

புத்தகத்தை எடுத்தேன். ஏன் முன்னாடியே படிக்கலைன்னு கேக்கிறியா? பயம்தான். நம்ம மூஞ்சியை அடுத்தவங்க வரைஞ்சு காட்டினா பார்க்கிறதுக்கு ஒரு கூச்சம் இருக்கும்ல. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு ஆரம்பிச்சேன். முதல் நாள் சோத்தை அடிபிடிக்க விட்டேன். ரெண்டாம் நாள் உன் புருஷனையே சமைக்கச் சொல்லிட்டேன்.

நடுவுல ஒரு கூத்து. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, மீசை இப்பத்தான் ஒழுங்கா வருது. "வீட்டுல அந்தப் புத்தகம் எத்தனை இருக்கு? விசாரணைக்கு எடுத்துட்டுப் போகணும்"னார். "ஒண்ணு இருக்கு, படிச்சுக்கிட்டு இருக்கேன், எண்பதாம் பக்கத்துல நிக்குது"ன்னேன். "இப்பவே குடுங்கம்மா"ன்னார். "தடை பண்ணி உத்தரவு வந்துருச்சா?"ன்னு கேட்டேன். இன்னும் வரலையாம். "அப்ப வந்ததும் வாங்க. அதுக்குள்ள முடிச்சு வைக்கிறேன்"னு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிடுச்சு. உன் புருஷன், "அம்மா, போலீஸ்கிட்ட வாயைக் குடுக்காதே"ங்கிறான். நான் எங்கே குடுத்தேன்? புத்தகத்தைக்கூடக் குடுக்கலையே!

இப்ப பக்கம் நூத்திப் பன்னிரண்டுக்கு வர்றேன். பத்தாம் அத்தியாயம். எங்களை வேலையை விட்டு நிறுத்தின காலை. அது வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, காதுக்குப் பின்னாடி மணி அடிச்சுப் பார்த்தாங்களே, அந்த டாக்டரோட வாசனைத் தைலத்தைக்கூட எழுதியிருக்கே. சங்குச் சத்தம் கேக்காதவங்களுக்கு மில்லுல ஆபத்துன்னு எங்க நன்மைக்காகச் சொல்ற மாதிரி அவங்க சொன்னது, காது போனது வயசுனாலன்னு பேப்பர்ல எழுதிக்கிட்டது, எல்லாம் அப்படியே. முப்பத்தி நாலு வயசுக்காரிக்கு என்னடி வயசு? 

அதுக்கு அடுத்த வரி. "அவள் மில் வாசலில் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்."

யாரு அழுதா? நான் அழுதேன்னு உனக்கு எப்பச் சொன்னேன்? அந்த வாசல்ல நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. என் கல்யாணத்துல அழுதேன், உன் மாமனார் போனப்ப அழுதேன், உன் புருஷன் ஒன்பதாவதுல ரெண்டு தடவை ஃபெயில் ஆனப்பக்கூட அழுதேன். அங்க அழலை. அந்த மேனேஜர் மாடியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான். அவன் முன்னாடி நான் அழுதேன்னு ஊர் உலகமெல்லாம் படிக்கணுமா? அந்த வரியை எடு. அவங்க கேவலமா எழுதியிருக்கான்னு சொன்னது இதுதான் போலன்னு ஒரு நிமிஷம் எனக்கே தோணிப்போச்சு.

உன் அத்தை


மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் கடித உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பசை வழிந்து காகிதமே உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்து எழுதுங்கள்.

அந்த வரியைப் பற்றி. நீங்கள் அழுததாக என்னிடம் சொல்லவில்லை, உண்மை. நீங்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டீர்கள். மீதியை நானாக இட்டு நிரப்பினேன். அழுதிருப்பீர்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அழுதிருப்பேன். இப்போதும் அழுதுகொண்டுதானே இருக்கிறேன், எதற்கெடுத்தாலும்.

இனி முக்கியமான விஷயம். குழுவிடமிருந்து பதில் வந்துவிட்டது. பத்தாம் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும். மில் நிர்வாகத்தின் மனம் புண்பட்டதற்கு வருத்தம் தெரிவித்து நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். நான் வீட்டுக்கு வரலாம், நிறுத்தி வைத்த பள்ளிக்கூட வேலையிலும் திரும்பச் சேரலாம். பதிப்பாளர், "ஒரு அத்தியாயம்தானே, மீதி இருபத்திரண்டு இருக்கிறது. கை போனாலும் ஆள் பிழைத்தால் போதாதா?" என்கிறார்.

அத்தை, நான் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள். அந்த ஜன்னலில் விழுந்த கல் என் கனவில் பெரிதாகிக்கொண்டே போகிறது. நீங்கள் தனியாக இருக்கும்போது அடுத்த கல் வந்தால் அது வரும் சத்தம்கூட உங்களுக்குக் கேட்காது. உங்கள் பிள்ளையை வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அக்கா மூலம்தான் தெரிந்தது. அதுவும் என்னால்தான். ஒரு கதைக்காக நான் யாரையெல்லாம் பணயம் வைப்பது? நான் தைரியசாலி இல்லை அத்தை. எழுதும்போது தைரியம் வருகிறது. எழுதி முடித்ததும் போய்விடுகிறது.

ஒன்று மட்டும் நல்லதாகும். பத்தாம் அத்தியாயம் போனால் உங்களுக்குப் பிடிக்காத அந்த வரியும் கூடவே போய்விடும்.

திங்கட்கிழமை குழுவின் முன் போக வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 25

மருமகளே,

இந்தக் கடிதாசி உனக்குத் திங்கட்கிழமைக்குள்ள வந்தாகணும்னு உன் புருஷன் அவன் கூட வேலை செய்யுற டிரைவர் கையில குடுத்து அனுப்புறான். நடுவுல பிரிச்சுப் படிக்கிற மகராசன் இந்தத் தடவை பட்டினி கிடக்கட்டும்.

எனக்கு வந்த கோபத்துல பேனா மூடியைக் கடிச்சே உடைச்சுட்டேன். என் வரியையும் அவங்க அத்தியாயத்தையும் ஒரே கத்திரியால வெட்டப் பார்க்கிறியா? நான் கேட்டதும் அவங்க கேக்கிறதும் ஒண்ணா? நான் சொன்னது, அங்க நடந்ததைத் தப்பா எழுதிட்டே, சரியா எழுதுன்னு. அவங்க சொல்றது, அங்க ஒண்ணும் நடக்கவே இல்லைன்னு எழுதுன்னு. இதுகூடப் புரியாமலா பிள்ளைங்களுக்கு இலக்கணம் சொல்லிக் குடுத்தே?

என் மேல கல் வந்தா கேக்காதுங்கிறே. சரிதான். கேக்காம போனது யாராலன்னு எழுதின ஒரே அத்தியாயத்தைத்தான் நீ எனக்காக வெட்டப் போறியாக்கும். ரொம்ப நல்லா இருக்கு நியாயம்.

நான் அன்னைக்கு என்ன செஞ்சேன்னு சொல்றேன். யாருக்கும் சொன்னதில்லை. உன் மாமனாருக்கும் தெரியாது.

கேட்டைச் சாத்திட்டாங்க. நாங்க எல்லாரும் வெளிய. சுத்தி இருந்தவங்க அழுதாங்க, அதை நான் தப்புச் சொல்லலை. என் பக்கத்துத் தறிக்காரி, எப்பவும் பாடிக்கிட்டே இருந்ததால நாங்க பாட்டுக்காரின்னு கூப்பிடுவோமே, அவ தரையில உட்கார்ந்துட்டா. என் கையில சாப்பாட்டு டப்பா இருந்துச்சு, மத்தியானத்துக்குக் கட்டினது. மேல பார்த்தேன். மேனேஜர் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நாங்க எப்பக் கலைவோம்னு பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கு என்ன தோணுச்சோ, கேட்டுக்கு நேர் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். காலங்காத்தால, பசியே இல்லாம, அவனைப் பார்த்துக்கிட்டே ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன். தொண்டையில இறங்கலை. தண்ணி குடிச்சு இறக்கினேன். என் மத்தியானச் சாப்பாட்டை நான் என் மில்லுலதான் சாப்பிடுவேன், உள்ள விடலைன்னா வாசல்ல சாப்பிடுவேன். அவ்வளவுதான். அவன் உள்ள போயிட்டான். பாட்டுக்காரி என் பக்கத்துல வந்து உட்கார்ந்து அவ டப்பாவைத் திறந்தா. அப்புறம் நெட்டைன்னு நாங்க கூப்பிடுற அந்த ஒசரமானவ. அப்புறம் எல்லாரும். பார்த்தவங்க ஏதோ வனபோஜனம்னு நினைச்சிருப்பாங்க.

இதை எழுது. அழுததை எடுத்துட்டு இதைப் போடு. ஆனா அது நான் உங்கிட்ட சொல்றதுக்காக நீ மாத்துறது. அவங்க மிரட்டினாங்கன்னு ஒரு புள்ளியைக்கூட எடுக்காதே.

இன்னொண்ணு. நான் தனியா இல்லை. புத்தகத்தை முடிச்சதும் மனசு தாங்காம பாட்டுக்காரியைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு இப்போ கண்ணும் மங்கல். "எனக்குப் படிச்சுக் காட்டு"ன்னா. அவ வந்தா, மறுநாள் நெட்டையைக் கூட்டிட்டு வந்தா, இப்ப முன் அறை கொள்ளலை. தினமும் மத்தியானம் நான் படிக்கிறேன். எங்கள்ல ஒருத்திக்கும் காது சரியில்லையா, நான் தொண்டை கிழியக் கத்திப் படிச்சாத்தான் பின்னாடி இருக்கிறவளுக்குப் போகுது. ஜன்னல்ல வேற கண்ணாடி இல்லை. எதிர்வீட்டுக்காரி நேத்து வழியில நிறுத்தி, "ஏழாம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா இல்லையா, நேத்து லாரி போனதுல கேக்கலை"ங்கிறா. அப்பத்தான் எனக்குத் தெரியும், தெருவே கேட்டுக்கிட்டு இருக்குன்னு.

கையெழுத்துப் போடாதே. போட்டா அத்தைன்னு கூப்பிடாதே.

(இல்லை, கூப்பிடு. ஆனா போடாதே.)


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது வந்தது. டிரைவர் அண்ணன் படியேறி மூச்சு வாங்க நின்றார். நின்றபடியே படித்தேன். அக்கா, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று அடித்துக்கொண்டாள். நீங்கள் டப்பாவைத் திறந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

குழு அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. நீளமான மேஜை, மூன்று பேர். என் புத்தகத்தின் ஓரங்களில் மஞ்சள் துண்டுகள் ஒட்டியிருந்தன. தலைவர் மரியாதையான மனிதர். எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அத்தியாயத்தை எடுக்க மாட்டேன் என்றேன்.  அவர் பெருமூச்சு விட்டார். "உங்களைக் கஷ்டப்படுத்த எங்களுக்கு ஆசையா? ஒரு வழி சொல்றேன். அத்தியாயம் அப்படியே இருக்கட்டும். முதல் பக்கத்துல ஒரு வரி மட்டும் போட்டுடுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினார். "இக்கதை முழுவதும் கற்பனையே, இதில் கூறப்படுபவை எங்கும் நடந்ததில்லை."

எவ்வளவு எளிதாக இருந்தது தெரியுமா அத்தை? இது கதைதானே. கற்பனை என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்துத்தான் இருந்தேன், உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"கற்பனைன்னு போட்டுக்கிறேன் சார். நடந்ததில்லைன்னு போட முடியாது" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லை சார். என் மாமியாருக்குக் காது கேக்காது."

வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.  ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, குழுவின் மூன்றாவது ஆள், கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. தடை. இங்கே கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். குழு முன் போய் வந்த பிறகு பதிப்பாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, படியில் உட்கார்ந்து, "நீ சொன்னதைக் கேட்டதிலேருந்து எனக்குத் தூக்கம் வரலை. இனிமே வேற எதை அச்சடிக்கிறது, பஞ்சாங்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்திலிருந்தும் கடிதம் வந்தது. வேலை இல்லை.

அத்தை, வாசிப்பை நிறுத்திவிடுங்கள். இப்போது அது குற்றம். உங்கள் எல்லாரையும் பிடித்துக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்? நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், அது போதும். நீங்கள் இதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆனால் நீங்கள் சாப்பிட்டதை எழுதிவிட்டேன். நேற்று மத்தியானம். அச்சிட யாரும் இல்லை, தெரியும். இருந்தாலும் எழுதினேன். எழுதும்போது எனக்குப் பசித்தது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 11

என் தங்கத்துக்கு,

முதல் வார்த்தையைப் பார்த்துட்டு அத்தைக்கு உடம்பு சரியில்லையோன்னு பதறாதே. உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு ரொம்ப நாளா ஆசை. வாயால கூப்பிட்டா கத்தித்தான் கூப்பிட முடியும், தங்கம்னு கத்தினா நல்லாவா இருக்கும்?

உன் கடிதாசியை உன் புருஷனும் படிச்சான். "என் மாமியாருக்குக் காது கேக்காது"ங்கிற இடத்துக்கு வந்ததும் எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டான். திரும்பி வந்து ஜன்னலுக்குக் கண்ணாடி அளவு எடுத்தான். இந்தத் தடவை சரியா எடுத்தான்.

உத்தரவோட சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சொன்ன வாக்குப்படி எடுத்துக் குடுத்துட்டேன். அப்போ நான் எல்லாருக்கும் படிச்சுக்கிட்டு இருந்தது பதினோராம் அத்தியாயம், பாதியில நிக்குது. அறை முழுக்கப் பொம்பளைங்க அந்தப் பிள்ளையையே பார்க்கிறாங்க. அவர் புத்தகத்தைப் பையில போட்டார். பேரு, விலாசம் எல்லாம் கேட்டு எழுதணும்னார். நெட்டை, "என்ன தம்பி, கேக்கலை"ன்னா. திரும்பக் கேட்டார். "கேக்கலை"ன்னா அடுத்தவ. அறையைச் சுத்தி ஒரு சுத்து வந்துட்டார், யாருக்கும் கேக்கலை. நிஜமாவே பாதிப் பேருக்குக் கேக்கலை, மீதிப் பேர் கேக்காத மாதிரி இருந்தாங்க. கடைசியில, "புத்தகம் மட்டும் கிடைச்சதுன்னு எழுதிக்கிறேன்"னு போயிட்டார். நல்ல வீட்டுப் பிள்ளை. ஆனா எடுத்துட்டுத்தான் போனார்.

சரி, இனிமே ஒண்ணும் இல்லைன்னு நான் கண்ணாடியைக் கழட்டினேன். ஒருத்தியும் எழுந்திரிக்கலை. பாட்டுக்காரி கேட்டா: "அப்புறம் என்ன ஆச்சு?" நான் சொன்னேன், புத்தகம் போச்சேன்னு. "புத்தகம் போனா என்ன, அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா?"ன்னு அவளே ஆரம்பிச்சுட்டா. கேட்டைச் சாத்தின மறுநாள் அவ எங்க போனா, யார் கதவைத் தட்டினா, எந்த வீட்டுல பாத்திரம் தேய்ச்சா, காது கேக்காததால அவ பிள்ளை காய்ச்சல்ல கூப்பிட்டது எப்படி அவளுக்குத் தெரியாம போச்சு. நாங்க இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தெருவுல இருந்தோம். எனக்கே தெரியாது. மறுநாள் நெட்டை சொன்னா. தினம் ஒருத்தி. எல்லாரும் கத்திக் கத்தித்தான் சொல்றோம், வேற வழி?

டைம்கீப்பர் ஒருநாள் வாசல்ல வந்து நின்னு கத்து கத்துன்னு கத்தினானாம். போலீஸைக் கூப்பிடுவேன், உள்ள தள்ளுவேன்னு. எங்களுக்கு எதுவும் கேக்கலை. எதிர்வீட்டுக்காரி அப்புறம் வந்து சொல்லித்தான் தெரியும். உன் புருஷன்தான் அன்னைக்கு வீட்டுல இருந்தான். சண்டை போடலை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, "உட்கார்ந்து கத்துங்க, கால் வலிக்கும்"னானாம். அவன் உட்காரலை. ஆனா போகவும் இல்லையாம். அந்த நேரம் உள்ளே நெட்டை கேட்டுல அரை நாள் வெட்டினதைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தா. அவன் முழுசும் நின்னு கேட்டுட்டுத்தான் போனானாம். மனசு மாறிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே மறுபடி தீப்பெட்டியோட வந்தாலும் வருவான். கேட்டுட்டுப் போனான், அவ்வளவுதான்.

இப்ப உனக்கு ஒரு வேலை இருக்கு. பள்ளிக்கூடம் வேலை இல்லைன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். இங்க எல்லாரும் உன்னைக் கேக்கிறாங்க. ஒவ்வொருத்தியும் எங்கிட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டுப் போறா: "உன் மருமக எழுதும்போது என் பேரையே போடச் சொல்லு." நான் உனக்காகப் பரிஞ்சு பேசிப் பார்த்தேன். கதையில பேரை மாத்தினாத்தான் நமக்குப் பாதுகாப்புன்னு சொன்னேன். அதுக்குப் பாட்டுக்காரி சிரிச்சா. "மில்லுல என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நீங்க எல்லாரும் பாட்டுக்காரின்னு கூப்பிட்டீங்க. கதையிலயும் வேற பேரா? எங்க அப்பா எனக்குன்னு ஆசையா ஒரு பேர் வச்சார்டி"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அத்தனை வருஷம் பக்கத்துத் தறி. அவ சாப்பாட்டுல பாதியை நான் சாப்பிட்டிருக்கேன். அவ பேர் எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துல யாரு யார் பேரைக் கேட்டோம்? அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். சொன்னா. முதல் தடவை என் காதுல சரியா விழலை. நல்ல காதுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மறுபடி கேட்டேன். எவ்வளவு அழகான பேர் தெரியுமா.

அதை இந்தக் கடிதாசியில எழுத மாட்டேன். அதை அவ வாயால நீ கேக்கணும். பயமா இருந்தா பயத்தோடவே கிளம்பி வா, இங்க யாருக்கும் பயம் இல்லாம இல்லை. வந்து அவ பக்கத்துல உட்காரு. கொஞ்சம் சத்தமாக் கேளு.

உன் அத்தை